மேற்குப் பகுதித் தபாலும் இரண்டு தொப்பிகளும்

அந்த ஊரின் மேற்குப் பகுதிக்கு இருபத்தாறு வருடங்களாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துவந்தது சுற்றிலும் விளிம்பு வைத்த ஒரு பழைய ஃபெடோரா தொப்பி. சம்பளம் வாங்கியவர் மட்டும் அதன் அடியில் நடந்த தபால்காரர். அவருக்குப் பிறவியிலேயே திசை கிடையாது. கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் நின்று நிதானமாக யோசித்து, "எந்தக் கிழக்கு?" என்பார். ஆனால் தலையில் தொப்பி ஏறிவிட்டால் ஒரு கவலையும் இல்லை. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் விளிம்பு இடது காதின் மேல் லேசாக அழுத்தும். வலப்பக்கம் என்றால் வலது காது. கடிதம் உள்ள வீட்டு வாசல் வந்ததும் தொப்பி ஒரு விரற்கடை மேலே எழும்பி, நெற்றியில் காற்றுப் படவிட்டு மறுபடி உட்காரும். மாலையில் அதே தொப்பி அவரை அவருடைய வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். தபால் நிலையத்தில் எல்லோருக்கும் இது தெரியும். கடிதம் மாறிப்போகாத வரை யார் தலையில் எது இருந்தால் நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள்.

தொப்பி அவருடைய அப்பாவுடையது. அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவர். அவருக்கும் திசை கிடையாது. தபால்காரரின் அக்காவுக்கும் கிடையாது. அக்கா அதே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தாள். தம்பி வீட்டுக்கு வரும்போது இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே வருவாள், திரும்பும்போது வலது கை. வந்த சுண்ணாம்புக் கையோடு நேரே சமையலறைக்குள் நுழைந்து உட்கார்ந்து, தம்பி பெண்டாட்டி செய்யும் தொப்பிகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வாள். தம்பி பெண்டாட்டி தொப்பி செய்பவள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் இருந்த ஒரே தகராறு அதுதான்.

ஊரில் பழைய தொப்பிகள் எல்லாமே ஏதாவது ஒரு காரியம் செய்தன. முடிதிருத்துபவரின் தொப்பி மழைக்கு அரை மணி நேரம் முன்னால் ஈரமாகும். பாட்டு வாத்தியாரின் தொப்பி, யாராவது சுருதி தப்பினால் ஆணியிலிருந்து கீழே விழும். புதுத் தொப்பிகள் தலையை மூடும், அவ்வளவுதான். ஆகையால் கல்யாணத்துக்கும் போட்டோவுக்கும் புதுசு, காரியத்துக்குப் பழசு என்று ஊர் தீர்மானித்து வைத்திருந்தது. தொப்பிக்காரிக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. முயல் ரோமத்தை வெந்நீரிலும் ஆவியிலும் உருட்டி உருட்டி, கால்வாசி அளவுக்குச் சுருங்கும்வரை இறுக்குவாள். மர அச்சில் மாட்டி இழுத்து, காய்ந்தபின் மிக மெல்லிய உப்புத்தாளால் நாள் முழுக்கத் தேய்ப்பாள். சந்தேகப்படும் வாடிக்கையாளர் முன்னால் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு செம்பு தண்ணீரை உள்ளே ஊற்றுவாள். ஒரு சொட்டு கசியாது. சுருட்டி வளையல் வழியாக இழுத்துக் காட்டுவாள்; உதறினால் ஒரு மடிப்பு இருக்காது. எடையில், தொடும்போது விரலுக்குத் தெரியும் வழுவழுப்பில், மழை தாங்குவதில், எதிலும் பழசுக்கு ஒரு மாற்றுக் குறையாது. பிறகு வாடிக்கையாளர் அதைத் தலையில் வைத்துக்கொள்வார், அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

"அழகாத்தான் இருக்கு, நான் இல்லைன்னா சொன்னேன்?" என்பாள் நாத்தனார். "ஆனா எங்கப்பா தொப்பி, வாங்கின அன்னைக்கே அவரை நேரா வீட்டுல கொண்டுவந்து விட்டுச்சு. உன் தொப்பி விடுமா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கல்யாணமான முதல் வருடத்திலிருந்து, வருடத்துக்கு ஒன்றாக அவள் கணவருக்குத் தொப்பி செய்தாள். அவரும் ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் அப்பாவின் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, மனைவியின் தொப்பியை அணிந்துகொண்டு, கண்ணாடியில் ஒருமுறை பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தொலைந்துபோனார். ஒரு வருடம் சிமெண்ட் கிடங்கில் கண்டுபிடித்தார்கள். ஒரு வருடம் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பெண் வீட்டார் வரிசையில் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். இன்னொரு வருடம் மூன்று ரயில் நிலையங்கள் தாண்டிப் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் காலியாக இருந்த பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பூகோளப் பாடம் கேட்டார். தொலைந்துபோவோம் என்று தெரிந்தேதான் பதினெட்டு முறையும் போனார். ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. தொப்பிக்காரிக்கு அவர்மேல் அத்தனை பிரியம் இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அவர் திரும்பி வந்ததும் அவள் தொப்பியைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பழையபடி ரோமக் குவியலாக ஆக்கிவிடுவாள்.

பத்தொன்பதாவது வருடம் மாமனாரின் தொப்பி நைந்துபோனது. முதலில் இடப்பக்க விளிம்பு கிழிந்து தொங்கியது. அதனால் தொப்பிக்கு இடது என்று சொல்ல வாய் இல்லாமல் போயிற்று. இடப்பக்கம் ஒரு திருப்பம் வேண்டுமானால் தபால்காரர் வலப்பக்கம் மூன்று முறை திரும்ப வேண்டியிருந்தது. காலைத் தபால் மாலைக்குப் போயிற்று. நாளிதழ்கள் நேற்றையதாகின. பிறகு உச்சியில் ஓட்டை விழுந்தது. தொப்பிக்கு அடிக்கடி மறதி வந்தது. ஒரு நாள் சாப்பாட்டு வேளை தாண்டியும் அவர் வரவில்லை. அவள் தேடிக்கொண்டு ஓடினாள். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பூட்டுக் கடை வாசலில் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்றார், ஏதோ அவள்தான் தொலைந்துபோனவள் மாதிரி. அவள் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வேலை போனால் போகட்டும், ஆள் வீடு வந்து சேர வேண்டுமே.

போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, மாதக் கடைசிவரை பார்க்கலாம், அதற்குமேல் உள்ளே உட்கார்ந்து முத்திரை குத்தும் வேலைதான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் சுவரைத் தடவிக்கொண்டே கடைத்தெருவரை போய் (திரும்பி வர ஒன்றரை நாள் ஆயிற்று) வேறொரு பழைய தொப்பி வாங்கி வந்தாள். அருமையான சரக்கு, அறுபது வருடப் பழசு. தபால்காரர் அதை அணிந்துகொண்டு கிளம்பினார். அது அவரை நேராக ஊரின் கிழக்குக் கோடியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தியது. கதவைத் திறந்த அம்மாள் காலமான தன் கணவரின் தொப்பியை அடையாளம் கண்டு, உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினார். மறுநாளும் அங்கேதான் போனார். மூன்றாம் நாள் அந்த அம்மாள் அவருக்குப் பிடித்ததைக் கேட்டுச் சமைத்திருந்தார். தொப்பிக்காரி அந்தத் தொப்பியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அன்று பிற்பகல்தான் அவள் மாமனாரின் தொப்பியை முதன்முதலாகத் தன் மேசைமேல் வைத்தாள். பத்தொன்பது வருடங்களாக ஒரே வீட்டில் இருந்தும் அதை அவள் தொட்டதில்லை. தொப்பி செய்பவர்கள் மராமத்து வேலைக்குக் கை நீட்ட மாட்டார்கள், அது அந்தத் தொழிலின் வீம்பு. இந்தத் தொப்பி விஷயத்தில் அவள் சொந்த வீம்பும் சேர்ந்துகொண்டது. கிழிந்த விளிம்பைத் தைத்துப் பார்க்கலாம் என்று, உள்ளே நெற்றி வியர்வை வாங்கும் தோல் பட்டையின் தையலைப் பிரித்தாள். பட்டையின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. பழுது பார்ப்பவர்கள் எந்தத் தேதியில் என்ன புகார் வந்தது, என்ன செய்தோம் என்று அங்கே குறித்து வைப்பது வழக்கம். அவள் ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள்.

வாங்கிய நான்காம் நாள், ஆற்றுக்குள் இறக்கிவிட்டதாகப் புகார், காயவைத்துக் கொடுக்கப்பட்டது. அதே வருடம் இன்னும் ஏழு முறை புகார். இரண்டாம் வருடம், காலிசெய்த பழைய வாடகை வீட்டுக்கே போகிறது, புதுக் குடித்தனக்காரர் அடிக்க வருகிறார், நாடா மாற்றப்பட்டது. நான்காம் வருடம், மனைவி வந்து அழுதார், ஐந்து நாளாக ஆளைக் காணோமாம். ஆறாம் வருடம், இடமும் வலமும் சரி, தெரு மட்டும் தவறு. ஒன்பதாம் வருடம், அழுக்கு மட்டும் எடுக்கப்பட்டது, வேறு புகார் இல்லை.

தொப்பிக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்தது. பதினெட்டுத் தொப்பிகளை ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு வெந்நீரில் போட்டிருக்கிறாள். நாத்தனாரைக் கூப்பிட்டுப் பட்டையைக் கையில் கொடுத்தாள். நாத்தனார் இரண்டு முறை படித்தாள்.

"அம்மா ஒரு தடவகூட எங்ககிட்ட சொல்லலையே" என்றாள்.

"அவங்களும் மறந்திருப்பாங்க அண்ணி. அதுக்கப்புறம்தான் ஒழுங்கா வர ஆரம்பிச்சுடுச்சே."

"அப்போ இவன் இன்னும் ஒம்பது வருஷம் தொலையணுமா?"

"தொலைய விட்டாத்தானே" என்றாள் தொப்பிக்காரி.

பத்தொன்பதாவது தொப்பியை அவள் ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை. அதே ரோமம், அதே ஆவி, அதே மர அச்சு. செய்து முடித்ததும் பட்டறையைப் பூட்டிவிட்டு, புதுத் தொப்பியோடு நின்ற கணவரின் பக்கத்தில் தானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தபால்காரர் மனைவியோடு நடக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை என்று போஸ்ட்மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். காலை முழுக்க மேற்குப் பகுதித் தெருக்களில் நடந்தார்கள். "இது இடது, இது பல் வைத்தியர் வீடு, இங்கே நாய் உண்டு" என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள். கணவரிடம் இல்லை, அவர் தலைக்கு மேலே பார்த்துச் சொல்வாள். தொப்பி கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. முதல் வருடம் அசையவே இல்லை. இரண்டாம் வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் செருப்பு அறுந்து பின்தங்கியபோது, விளிம்பு லேசாகத் துடித்தது என்றார் அவர். நடந்து நடந்து இருவரும் இளைத்தார்கள், நிறையப் பேசினார்கள், பத்தொன்பது வருடத்தில் பேசாததை எல்லாம் பேசினார்கள். மூன்றாம் வருடம் விளிம்பு தெளிவாகவே இடமும் வலமும் அழுத்த ஆரம்பித்தது.

ஒரு திங்கட்கிழமை அவரைத் தனியாக அனுப்பினாள். பட்டறையில் உட்கார்ந்து உப்புத்தாளைக் கையில் எடுத்தாள், வேலை ஓடவில்லை. இருபது நிமிடத்தில் அவர் பை நிறையக் கடிதத்தோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"தெரியல. தொப்பி சொன்ன பக்கமெல்லாம் திரும்பினேன். சரியாத்தான் சொல்லுது."

மறுபடி அனுப்பினாள். பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டார். மூன்றாவது முறை அவர் தெருமுனை திரும்பியதும் அவளுக்கு இருப்புக் கொள்ளாமல், பின்கதவு வழியாக நாத்தனார் வீட்டுக்குப் போய் முறையிட்டாள். எல்லாம் வீண், மூன்று வருடம் வீண், இந்தத் தொப்பிக்கும் வீட்டைத் தவிர ஒரு வழியும் தெரியவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. தபால்காரர் பையோடு நாத்தனாரின் சமையலறைக்குள் வந்து, மனைவிக்கு எதிரே நின்றார். தொப்பி ஒரு விரற்கடை மேலே எழும்பி உட்கார்ந்தது.

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா தொப்பி வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரும்" என்றாள். "அம்மா வெளியில போயிருந்தா, அப்பா பூட்டின கதவு முன்னாடியே நிப்பாரு. எத்தனை நாள் பார்த்திருக்கேன்."

தம்பியின் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அவன் தலையிலேயே நேராக வைத்தாள். புதுசா பழசா என்ற பேச்சு அந்த வீட்டில் அதற்குப்பின் எழவில்லை.

தபால் விஷயத்தையும் சரிசெய்துகொண்டார்கள். தொப்பிக்காரி தன் வாடிக்கையாளர்களுக்குத் தலை அளவு எடுக்கும் வேலையைக் காலையில் மேற்குப் பகுதியில் வைத்துக்கொண்டாள். கடிதம் உள்ள வீடுகளின் பட்டியலை அவளிடம் கொடுத்தார் போஸ்ட்மாஸ்டர். அவள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த வாசலுக்குப் போவாள். சற்றுப் பின்னால் அவள் நின்ற வாசல்களில் எல்லாம் நின்று நின்று தபால்காரர் வருவார். ஒரு கடிதமும் மாறிப்போகவில்லை. தபால் நிலையத்துப் பலகையில், மேற்குப் பகுதித் தபால் தொப்பிக்காரி வந்துபோன ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் என்று எழுதிப் போட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு எட்டு நாள் படுத்துவிட்டாள். அந்த எட்டு நாளும் தபால்காரர் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, நேராக வந்து அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்பதாம் நாள் அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். மேற்குப் பகுதிக்கு ஒன்பது நாள் தபாலும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கிக்கொண்டவர்கள் அவளுக்கு உடம்பு தேவலையா என்று மட்டும் கேட்டார்கள்.