வில்லாளியின் முதுகு

1

இந்தக் கதை ஒரு கன்னத்தில் விழுந்த அடியிலிருந்து பிறந்தது. யார் யாரை அடித்தார்கள் என்பதில் என் நினைவை நம்ப முடியவில்லை. ஒலிப்பதிவுக் கூண்டின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் கை மாறிவிடுகிறது.

வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன்: "புகை மண்டிய போர்க்களத்தில், தோற்ற படையின் கடைசிக் குதிரை..." (வேண்டாம். நான் பார்த்த போர்க்களங்கள் எல்லாம் யாரோ வரைந்தவை.)

2

பழைய உள்நாட்டுப் போர் ஒன்றைப் பற்றிய ஜப்பானிய அனிமே தொடரைத் தமிழில் டப்பிங் செய்துகொண்டிருந்தோம். வசனம் நான். நாயகன் ஒரு வில்லாளி. எண்ணற்றவர்களைக் கொன்றபின் தன் வில்லின் நாணை அறுத்துவிட்டு, இனி கொல்வதில்லை என்று நடப்பவன். அவன் கொல்லாமல் இருப்பதற்காக ஒவ்வொரு வாரமும் ஓர் ஊரே எரியும். அகிம்சையைக் காட்ட அவ்வளவு ரத்தம் தேவைப்படுகிறது.*

வில்லாளிக்குக் குரல் என் தங்கையின் கணவர். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் சாகிற வேலை: ஈட்டி குத்தினால் ஓர் அலறல், குன்றிலிருந்து விழுந்தால் நீளமாக இன்னொன்று. பெயருள்ள பாத்திரம் இதுதான் முதல். இது கைவிட்டுப் போனால் இன்னொன்று வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

* இந்த வாக்கியம் ஒரு கட்டுரைக்காக வைத்திருந்தது. அந்தக் கட்டுரையை யாரும் கேட்கவில்லை.

3

கடைசிப் பகுதி. ஊரை எரித்த தளபதி சேற்றில் மண்டியிட்டு, "ஏன் என்னைக் கொல்லவில்லை?" என்கிறான். வில்லாளி நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். நெடுநேரம் ஒன்றும் பேசுவதில்லை. பிறகு போய்விடுகிறான்.

"சார், இங்க அவன் பேசவே இல்லையே," என்றார் மாப்பிள்ளை.

"வாய் தெரியுதா?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார். முதுகுதான்."

"அப்புறம் என்னய்யா? வாய் தெரியலைன்னா எதை வேணா பேசலாம். சொல்லு: 'உன் ரத்தத்துக்கு என் அம்பைத் தொடக்கூடத் தகுதியில்லடா!'"

"அவன்கிட்ட அம்பே இல்ல சார்."

"இவ்வளவு நேரம் சும்மா நின்னா ஜனங்க டிவி ரிப்பேர்னு நினைச்சுப்பாங்க. பேச முடியலைன்னா சொல்லு, வேற ஆளை வெச்சு முதல்லேர்ந்து எடுத்துக்கறேன்."

ஏசியை அணைத்தார்கள், ஒலிப்பதிவின்போது அது இரையக் கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் வில்லாளி பேசவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் மாப்பிள்ளையும் பேசவில்லை. மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் இல்லை.

"ரொம்ப சுத்தமா வந்திருக்கு சார்," என்றார் சவுண்ட் இன்ஜினியர். நக்கலா, பாராட்டா என்று தெரியவில்லை.

இயக்குநர் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூண்டுக்குள் போனார். நான் அப்போது திரையில் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் பளாரென்று கேட்டது. திரும்பினால், புழுக்கத்தில் இரண்டு முகங்களும் ஒரேபோல் சிவந்திருந்தன.

4

முடிவு அ: இயக்குநர் அடிக்கிறார். மாப்பிள்ளை மன்னித்து நடந்துவிடுகிறார். (தங்கை நம்புவது இதை. கணவரைப் பற்றி அவள் நம்பும் மற்றவற்றையும் கேட்டிருக்கிறேன்.)

முடிவு ஆ: மாப்பிள்ளை அடிக்கிறார். வாசகர் கைதட்டுகிறார். நீங்கள்தான். முதல் வரியில் ஓர் அடி இருந்ததால்தானே இதுவரை வந்தீர்கள்?

முடிவு இ: இருவரும் ஒரே நேரத்தில்...

5

மாடிப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாரு அடிச்சது மாப்பிள்ளை?"

கலைந்த காலரைச் சரிசெய்துகொண்டார். எனக்கு அவசரம் இல்லை.

"நான்தான். சட்டையைப் பிடிச்சாரு. கையை எடுங்கன்னு சொல்லியிருக்கலாம்."

"கோவத்துல நடந்தது, விடுங்க."

"கோவமெல்லாம் இல்ல மச்சான். நல்லா இருந்துச்சு. இன்னொன்னு போடலாம்னு கை தானா போச்சு." உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "அந்த வில்லாளிப் பாவி அங்க ஏன் வாயைத் திறக்கலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

(கடைசி வாக்கியம் சற்று அதிக அழகாக இருக்கிறது, நான் சேர்த்திருக்கலாம். "நல்லா இருந்துச்சு" என்பதை மட்டும் என்னால் கற்பனை செய்திருக்க முடியாது.)

6

வழக்கமாக இங்கே முடிவை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். மாட்டேன். நீங்கள் கைதட்டத்தான் பார்ப்பீர்கள்.

மாப்பிள்ளையை நீக்கினார்கள். தொடர் முழுவதையும் இன்னொருவர் பேசினார். முதுகின் மேல் ஏற்றிய அந்த வசனம் பிரபலமாகி, பனியனில் அச்சாகி விற்கிறது. அமைதியைப் பரப்பியதற்காக இயக்குநருக்கு விருது கிடைத்தது. அந்தப் பளார் சத்தத்தை இன்ஜினியர் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடி வேண்டிய தொடர்களிலெல்லாம் பயன்படுத்துகிறார். மாப்பிள்ளை இப்போது லிஃப்டுகளுக்குக் குரல் கொடுக்கிறார். கதவு மூடுவதைச் சொல்கிறார். தங்கை அவரோடு பேசுகிறாள், என்னோடு பேசுவதில்லை. நான் அங்கேயேதான் வசனம் எழுதுகிறேன்.