போர்வை மடிக்கும் பாட்டு

…முதல் அடிக்கு உதறல், இரண்டாவதற்கு மடிப்பு, மூன்றாவது அடியில் எதிராளியிடம் நடந்துபோய் முனையைக் கொடுக்க வேண்டும், சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டும், அந்தச் சிரிப்புதான் லேத்காரருக்கு வந்து தொலைய மாட்டேன் என்கிறது. திரைக்குப் பின்னால் போர்வையும் கையுமாக நிற்கிறார், பகல் காட்சி தொடங்க இன்னும் பத்து நிமிடம். எட்டு ஆண்கள் வீட்டு வேலை செய்துகொண்டே பாடி ஆடும் நாடகம், பட்டறையில் தெரிந்த நாளிலிருந்து ஒரே கேலி, "அண்ணே, எங்க வீட்லயும் ஒரு மூட்டை அழுக்குக் கெடக்கு, வந்து ஆடிட்டுப் போறீங்களா?" அவரும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்வது, முப்பது வருஷம் இரும்பு கடைந்த கை இது. மறுமுனை பிடிப்பவர் கசாப்புக்கடைக்காரர், மலை மாதிரி ஆள், முதல் ஒத்திகையில் இருவரும் விறைப்பாக நின்று ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் போர்வை கிழிந்தே போயிற்று, ஆட்டம் சொல்லித்தரும் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள், "ஐயா, இதுல யாரும் ஜெயிக்க வேணாம், கிட்ட வாங்க, அவ்வளவுதான்." கிட்டப் போவது… அதை யார் சொல்லித் தந்தார்கள் நமக்கு?

வீட்டில் மனைவி எப்படி மடித்தாள்? நடுப்பகுதியைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்து, தன்னந்தனியாக. அவர் அதே அறையில்தான் இருந்தார், பேப்பரும் கையுமாக, போர்வை காலில் பட்டால் காலை மடக்கிக்கொண்டார், அதையே உதவி என்றும் நினைத்துக்கொண்டார். மகளின் பிரசவத்துக்குப் போனவள், குழந்தை நடக்கத் தொடங்கியும் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, சண்டை என்றாலாவது சமாதானம் பேசலாம். நேற்று போன் செய்தார், "நாளைக்கு என் நாடகம், பாக்க வர்றியா?" "உங்களுக்கு என்ன வேஷம்?" "போர்வை மடிக்கிறேன்." அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம், "நீங்களா?" "ம்." "சரி," என்றாள், வருகிறாளா இல்லையா, அந்தச் 'சரி'க்குள் என்ன இருந்தது… இரவெல்லாம் புரட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. திரை இடுக்கில் கண் வைத்தார், மூன்றாவது வரிசை ஓரம், அவளுக்குச் சொல்லிவைத்த நாற்காலி இன்னும் காலி. வாத்தியம் தொடங்கிவிட்டது, கசாப்புக்கடைக்காரர் தோளைத் தட்டுகிறார், "வாங்க மச்சான்," போக வேண்டும், போகிறார், ஆனால் என்ன கேட்டுவிட்டோம் அவளிடம், வந்து உட்கார்ந்து பார் என்றுதானே, முப்பது வருஷம் அவர் உட்கார்ந்திருந்ததைப் போல… அவர் அப்போது பார்க்கக்கூட இல்லையே.