கழுதை ஹோட்டலை நடத்தியவர்கள்

லாஸ் வேகஸின் ஃப்ரீமாண்ட் தெருவில் இருக்கும் சில்வர் பர்ரோ சூதாட்ட ஹோட்டலை யார் நடத்தினாலும், நடத்துகிற காலம்வரை அவரால் அதைவிட்டு வெளியே போக முடியாது. முன்வாசல் வழியாக வெளியே கால் வைத்தால் பின்வாசல் வழியாக உள்ளே வந்து நிற்பார். பக்கவாசலில் இறங்கினால் சமையலறையின் சரக்கு வாசலில் ஏறுவார். விளையாட வருகிறவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை கிடையாது, அவர்கள் பாட்டுக்கு வருவார்கள், போவார்கள். கட்டடத்தின் நெற்றியில் ஒரு வெள்ளிக் கழுதை நியான் விளக்கில் பின்னங்காலை உதைத்துக்கொண்டே இருப்பதால், பழைய நகர்ப்பகுதிக்காரர்களான நாங்கள் அதைக் கழுதை என்றுதான் சொல்வோம். கழுதையில் வேலை பார்க்கிறேன் என்று சொல்ல இங்கே யாருக்கும் கூச்சம் இல்லை.

இதைத் தொடங்கிவைத்தவர் ஹைரம் டால்டன். ரயில்வேக்குக் கிணறு தோண்டிப் பிழைத்தவர், 1941இல் மூன்று மாடி எழுப்பினார். இந்த ஊரில் சூதாட்டக்கூடம் திறக்கிறவர்கள் திறப்பு விழாவில் வாசல் சாவியை எல்லோர் கண் முன்னாலும் தூக்கி எறிவது வழக்கம். இந்த இடம் இனி என்றைக்கும் மூடாது, நேரம் காலம் பார்க்காமல் வா என்று அதற்கு அர்த்தம். மற்றவர்கள் எறிந்துவிட்டு மாற்றுச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஹைரம் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். சாவியை ஒரு விமானியிடம் கொடுத்துப் பாலைவனத்தில் போடச் சொன்னார், பூட்டுகளை உருக்கச் சொன்னார், அதோடும் விடாமல் நாலு வாசலிலும் கதவையே பெயர்த்து எடுத்தார். கைதட்டலை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், சுருட்டு வாங்க எதிர்க்கடைக்குக் கிளம்பினார். பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். கொஞ்ச நேரம் இப்படியே சுற்றிவிட்டுச் சுருட்டு வாங்க ஆளை அனுப்பினார்.

இருபது வருஷத்துக்கு மேல் அவர் உள்ளேயே இருந்தார். முடி வெட்டுகிறவரும் பல் பிடுங்குகிறவரும் தேடி வந்தார்கள். மகளின் கல்யாணம் சுழல்சக்கர மேஜைகளுக்கு நடுவே நடந்தது, நீதிபதி மோதிரம் மாற்றிவைத்துவிட்டு நாலு ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டுப் போனார். மனைவி மட்டும் யூட்டாவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனவள் போனவள்தான். "வெளியே மட்டும் என்ன வாழுதாம்?" என்பார் ஹைரம். வயதான பிறகு ஃப்ரெஸ்னோவில் உலர்திராட்சை வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த கசாரியன் சகோதரர்களுக்கு ஹோட்டலை விற்றார். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். கையெழுத்து காய்ந்ததும் வெளியே இறங்கி, தன் கையாலேயே ஒரு சுருட்டு வாங்கி, ரயில் நிலையத்தையும் தாண்டி ஊர் முடிகிற இடம்வரை நடந்து, மணலில் உட்கார்ந்து பற்றவைத்தார். அதன் பிறகு சாகும்வரை ஃப்ரீமாண்ட் தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சகோதரர்களில் மூத்தவர் ஹாகோப் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹொனலூலுவுக்குக் கடிதம் எழுதி எழுதி ஹவாய்த் தீவுக்காரர்களை விமானம் விமானமாக வரவழைத்தது அவர்தான். அவர்களுக்காகச் சமையலறையில் மாட்டுவால் சூப் கொதிக்க ஆரம்பித்தது, இன்றைக்கும் கொதிக்கிறது. கதவில்லாத வாசல்களில் கோடை வெயில் உள்ளே வராமல் இருக்க மேலிருந்து காற்றை அடிக்கும் இயந்திரங்களை மாட்டியதும் அவரே. இளையவர் வார்த்தானுக்குத்தான் மீட் ஏரியில் மீன் பிடிக்கப் போக முடியவில்லையே என்று ஒரே ஏக்கம். அழுக்குத்துணிக் கூடையில் படுத்துப் பார்த்தார், பியானோப் பெட்டிக்குள் உட்கார்ந்து பார்த்தார், கடைசியில் ஒரு போலீஸ்காரரோடு கைவிலங்கு பூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார். போலீஸ்காரர் மட்டும் தெருவில் நின்றார், கையில் விலங்கின் ஒரு பாதி தொங்கியது. வார்த்தான் மறுபாதியோடு சமையலறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று சாவியைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

ஹாகோப் இறந்ததும் வார்த்தான் விற்றுவிட்டுப் போகத் துடித்தார். வந்தவர்கள் எல்லோருக்கும் இடம் வேண்டும், கட்டடம் வேண்டாம். எங்கள் ஊரில் பழைய ஹோட்டலை வெடிவைத்துத் தகர்ப்பது ஒரு திருவிழா. வாணவேடிக்கை உண்டு, மேளதாளம் உண்டு, ஜனம் கையில் கோப்பையோடு எதிர் மாடிகளில் நின்று பத்து எண்ணும். எண்ணி முடித்ததும் ஒரு கட்டடம் மண்ணாகும். கழுதைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று வார்த்தானுக்கு ஒரு பிடிவாதம். நீயே வாங்கிக்கொள், பணத்தை வருகிற லாபத்திலிருந்து மெல்லக் கொடு என்று அவர் நாடீன் ப்ரூயிட்டிடம் கேட்டார். நாடீன் வயசுப்பெண்ணாக வந்து சேர்ந்து, இருபத்தொன்று என்கிற சீட்டாட்ட மேஜையில் சீட்டுப் போட்டே நாற்பத்தைந்து வயதைத் தொட்டவள், கூடத்தின் ஒவ்வொரு விளக்கும் எப்போது மினுக்கும் என்று தெரிந்தவள். அவள் கணவர் வால்ட், ஹூவர் அணையில் மின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக். இருவருக்கும் போல்டர் சிட்டியில் சொந்த வீடு இருந்தது; இந்த மாநிலத்திலேயே சூதாட்டம் ஆகாது என்று சட்டம் போட்ட ஊர் அது.

"யோசிச்சுப் பாரு நாடீன். ஜெயிலுக்குப் போறவனுக்குக்கூட எப்ப வெளிய வரலாம்னு தேதி சொல்லித்தான் அனுப்புவாங்க" என்றார் வால்ட்.

"ஜெயில்ல இந்த சூப் கிடைக்குமா?"

"நான் அங்க வந்து குடியிருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ஒரு கழுதைக்கு ரெண்டு பேர் எதுக்கு?"

நாடீன் கையெழுத்துப் போட்டாள். வேலைக்காரர்கள் தெருவில் நிற்கக் கூடாதே என்றுதான் வாங்கினேன் என்று சொல்வாள். அது பாதி உண்மை. கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்க்கும்போது அவள் முகத்தில் ஒரு ஒளி வரும், மீதி அதுதான். அதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பிரியவும் இல்லை, சேர்ந்தும் இல்லை. ஞாயிறுதோறும் மத்தியானம் வால்ட் காரை ஓட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டுக்கூடத்தின் மூலை மேஜையில் உட்கார்ந்து சூப் குடிப்பார், உப்பு ஜாஸ்தி என்பார், அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்புவார். இப்படியே இருபத்தைந்து வருஷம் ஓடியது, இருவருக்கும் தலை நரைத்தது.

பிறகு வால்ட் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாக எட்டிப் பார்க்கும்வரை அவர் ஈரத்தரையிலேயே கிடந்தார். ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துவைத்து, இதயமும் முன்போல் இல்லை, இனி வண்டி ஓட்டக் கூடாது, எலும்பு கூடும்வரை வெளியே அழைத்துப் போகவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. நாடீன் தொலைபேசியும் கையுமாகத் திரிந்தாள். பக்கத்தில் நான் இல்லாமலே இவர் போய்விடுவார் என்ற பயம் அவளைத் தின்றது. அரைமணி நேரம் காரில் போனால் வருகிற வீடு. அவள் முன்வாசலில் இறங்கி இறங்கிப் பின்வாசலில் ஏறிக்கொண்டிருந்தாள். கடைசியில், இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டப்போகிற ஒரு கம்பெனிக்கு விற்கச் சம்மதித்தாள். ஏப்ரலில் கையெழுத்து என்று முடிவானது.

வேலைக்காரர்களைக் கூப்பிட்டு அவள் இதைச் சொன்னாள். தலைமைச் சமையல்காரர் கிமோ, ஹவாயின் ஹீலோவிலிருந்து வந்து அந்த அடுப்படியிலேயே கிழவரானவர், "நீங்க போங்கம்மா. சூப்பை எங்க வேணா வைக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு இறைச்சி வைக்கிற குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த மார்ச் மாதம்தான் கொள்ளைநோய் வந்தது. மாநிலத்தில் சூதாட்டக்கூடங்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உத்தரவானது. பெரிய ஹோட்டல்காரர்களே பூட்டைத் தேடி அலைந்தார்கள். கழுதையில் பூட்டு இல்லை என்பதுகூடப் பரவாயில்லை, பூட்டை மாட்டக் கதவு இல்லை. இடியப்போகிற கட்டடத்துக்குக் கதவு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, உத்தரவு உத்தரவுதான். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் காவலாளிகளை வாசல்களில் நிறுத்தி, நாடீன், லாலோ ஃபிகரோவா என்ற தச்சனை வரவழைத்தாள். அவள் உள்ளே தனியாக இருந்துகொள்வதாக ஏற்பாடு, கிமோ ஒரு மாதத்துக்கான சூப்பை உறையவைத்துவிட்டுப் போயிருந்தார். லாலோ பக்கவாசலை அடைத்தான், சரக்கு வாசலை அடைத்தான், பின்வாசலை அடைத்தான். மறுநாள் மத்தியானம் முன்வாசலில் ஒட்டுப்பலகையால் சுவர்போல் எழுப்பி, அதில் ஒரு சின்னக் கதவு வைத்து, தாழ்ப்பாள் போட்டான்.

"மேடம், வெளிய வந்து ஒருதடவை இழுத்துப் பாருங்க. அப்புறம் லாலோ ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லக் கூடாது."

"நான் வெளிய வந்தா பின்னாடி போயிடுவேன் லாலோ. உனக்குத் தெரியாதா?"

"பின்னாடி வழியா எலிகூட வர முடியாது. நான் அடிச்ச ஆணி அப்படி. சும்மா வாங்க."

நாடீன் பழக்கத்தில் காலை எடுத்து வைத்தாள். வைத்த கால் நடைபாதையில் நின்றது. கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. அவள் உள்ளே வந்து சேர ஒரு வாசல்கூடத் திறந்திருக்கவில்லை, அதனால் அவள் வெளியே இருந்தாள். எதிரே சுருட்டுக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது, ஆள் நடமாட்டமே இல்லாத தெருவில் வெயில் அடித்தது, அவள் முகத்தில் அடித்தது. லாலோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மேடம், கதவு பிடிக்கலையா? வேணும்னா சாயம் அடிச்சுத் தரேன், அழாதீங்க" என்றான். அவளுக்குக் கார் ஓட்டுவது மறந்துபோயிருந்தது. மிச்சப் பலகைகள் தடதடக்க லாலோவின் வண்டியிலேயே போல்டர் சிட்டிக்குப் போனாள்.

வால்ட் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலையிலிருந்து இறங்கி வந்து புல்லை மேய்கிற காட்டு ஆடுகளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஆடுகளை விட்டுவிட்டார்.

"வித்துட்டியா?" என்றார்.

"இல்ல."

"பின்ன எப்படி வந்த?"

"கதவைச் சாத்தினேன்."

"அவ்வளவுதானா? ஒரு கதவைச் சாத்தினாப் போதும்னு இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் தோணலியா?"

"எங்களுக்குக் கதவே கிடையாதே வால்ட்."

வால்ட் இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார், சிரிப்பு எங்கேயோ அழுகையாக மாறியது. நாடீன் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, முகத்தை அவர் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் வர்றதுக்குள்ள நீ போயிடுவேன்னு பயந்தேன்" என்றாள். "நானும்தான்" என்றார் அவர். ஆடுகள் ரோஜாச்செடியை மொட்டையடித்ததை இருவரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் நாடீன் கம்பெனிக்குப் போன் செய்து விற்பதாக இல்லை என்று சொன்னாள். கிமோவுக்கும் சொன்னாள். மறுமுனையில் அவர் தன் அம்மாவின் மொழியில் நெடுநேரம் என்னவோ பேசினார், அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது.

கோடையில் மறுபடி திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. நாடீன் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகப் போகலாம் என்றிருந்தாள். லாலோ சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பலகையைப் பிரித்துவிட்டான். அந்த நொடியில் வாணலியில் முட்டையோடு சமையலறையிலிருந்து பின்கட்டுக்கு இறங்கியவள் கழுதையின் முன்கூடத்தில் வந்து நின்றாள். மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். ஒருவர் வாணலியை வாங்கி வைத்தார், முட்டை சூடாகத்தான் இருந்தது. போல்டர் சிட்டியிலிருந்து வால்ட் போன் செய்து தன் முட்டை எங்கே என்று கேட்டார்.

அதன் பிறகு நாலு வாசலுக்கும் முறையான கதவு போட்டார்கள். ஞாயிறு மத்தியானம் கழுதை மூடும், பொழுது சாய்ந்ததும் திறக்கும். உரிமம் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து காரணம் கேட்டார். சொன்னார்கள், துப்புரவுப் பணி என்று எழுதிக்கொண்டு போனார். ஹொனலூலுக்காரர்கள் மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து நடைபாதை நிழலில் போட்டுக் காத்திருக்கிறார்கள். தெரியாமல் வந்து முணுமுணுக்கிற வெளியூர்க்காரர்களிடம், முதலாளியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க, உட்காருங்க என்கிறார்கள். கதவு திறக்கும்போது அவள் கையில் என்ன இருக்கும் என்று பார்க்கவே ஒரு கூட்டம் கூடும். ஒருநாள் தண்ணீர்க் குழாயோடு வந்தாள், ஒருநாள் பாதி உரித்த ஆரஞ்சோடு வந்தாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவள் வால்டைக் கைப்பிடித்துப் படி இறக்கிக்கொண்டிருந்தபோது இங்கே கதவைத் திறந்தார்கள். போலீஸ்காரரைத் தெருவிலேயே விட்ட கழுதை இவரை விடவில்லை, அவரும் வந்துவிட்டார், வீட்டுச் செருப்போடு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடி. எங்கே நிற்கிறோம் என்று ஒருதடவை சுற்றிப் பார்த்தார். "வண்டிச் செலவு மிச்சம்" என்றார். அடுத்த ஞாயிறுவரை அங்கேயே இருக்கட்டும் என்று மூன்றாவது மாடியில் நாடீனின் அறையில் இன்னொரு தலையணை போட்டார்கள். வீட்டில் நடக்கவே மாட்டேன் என்று அன்றைக்கு முழுக்க அடம்பிடித்த மனிதர், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மூலை மேஜைவரை நடந்து போய் உட்கார்ந்தார். கிமோ சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். வால்ட் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு உப்பு குறைவு என்றார்.