ஹிபாரியின் இடப்பக்க ஒடுக்கு

ஜப்பானியக் கணக்கில் ஷோவா ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, அதாவது 1978, அக்டோபர் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, யுய் ஊரில் நின்றிருந்த ஒரு பழைய காரின் இடப்பக்கப் பின்புறத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்த ஒடுக்கு காணாமல் போனது. அதே நேரத்தில், இருபது கிலோமீட்டர் தள்ளி ஷிசுவோகா நகரில், உத்சுகி என்பவர் அந்த ஒடுக்கைத் தன் வரைபடத்திலிருந்து ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாளில் இது வரவில்லை. கமலா ஆரஞ்சு கிலோவுக்குப் பதினோரு யென் இறங்கியிருந்ததால் பக்கத்தில் இடமில்லை.

உத்சுகி, மகோமே மாதிரிப்பொம்மை நிறுவனத்தின் ஆய்வாளர். பிளாஸ்டிக் துண்டுகளைப் பெட்டியில் போட்டு, வாங்குகிறவனே ஒட்டிக்கொள்ளட்டும் என்று விற்கிற தொழில் எங்கள் ஊரில் பெரிய தொழில். அசல் வண்டியைத் தேடிப் பிடித்து, நூல் பிடித்து, அளந்து, இருபத்துநாலில் ஒரு பங்காக வரைந்து கொடுப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். வண்டியைப் பார்த்துப் படம் வரைவது உலக வழக்கம். படத்தைப் பார்த்து வண்டி திருந்திக்கொள்வது உத்சுகியிடம் மட்டும். ஒருமுறை நாகானோ மலைப் பேருந்தின் சக்கரத்தில் ஆறு திருகாணிக்குப் பதில் ஐந்தை வரைந்துவிட்டார். மறுநாள் அந்தப் பேருந்து ஐந்து திருகாணியோடு, ஒன்றும் நடக்காததுபோல, பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது. முதலாளி மகோமே இதைக் கேட்டு அதிசயப்படவில்லை. இனிமேல் புகார் குறையும் என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டார்.

புகார் என்றால் சாதாரணப் புகார் இல்லை. பெட்டி கடைக்கு வந்த மூன்றாம் நாள் நாடெங்கிலுமிருந்து அஞ்சலட்டைகள் வரும். பல் மருத்துவர்கள், பள்ளிக் கணக்கு ஆசிரியர்கள், வட்டாட்சி அலுவலகக் குமாஸ்தாக்கள் எல்லாம் பூதக்கண்ணாடியோடு காத்திருப்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. 'மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கும் இந்நாளில் தங்கள் நிறுவனத்தார் அனைவரும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன்' என்று ஆரம்பித்து, 'கதவுக் கைப்பிடி அரை மில்லிமீட்டர் தப்பு' என்று முடிப்பார்கள். சொந்தப் பிள்ளையின் பிறந்த நாள் நினைவில்லாதவனுக்கும் கைப்பிடியின் அரை மில்லிமீட்டர் மறக்காது.

ஹிபாரி 800 என்ற கார் ஹமாமத்சுவில், இப்போது இல்லாத ஒரு தொழிற்சாலையில், இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் செய்யப்பட்டது. மிச்சம் இருந்தது ஒன்று. அது யுய் துறைமுகத்தில் சாக்குரா இறால் காயவைக்கும் தெராவோ ஃபுமியே என்ற அறுபது வயது விதவையின் கொட்டகையில் நின்றது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கணவர் கன்ஜி படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர்; இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மகோமே நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லி உத்சுகி கொட்டகைக் கதவருகே மண்டியிட்டு அளக்க ஆரம்பித்தபோது, ஃபுமியே ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எல்லாத்தையும் அளந்துக்குங்க. ஆனா இந்த ஒடுக்க மட்டும் விட்டுறக் கூடாது. இருக்கிறபடி அப்படியே வரணும்."

"எங்க பெட்டியில வண்டி தொழிற்சாலையிலேருந்து வெளிய வந்த அன்னைக்கு இருந்த மாதிரிதான் இருக்கும், தெராவோ சான். அடிபட்டதெல்லாம் போடற வழக்கமில்ல."

"அப்ப வழக்கத்த மடிச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

பிறகு காரணத்தைச் சொன்னார். கன்ஜிக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. இருபத்துமூன்று வருடக் குடித்தனத்தில் ஒருமுறைகூட அந்தச் சொல் வாயில் வந்ததில்லை. ஒரு செப்டம்பரில் சண்டை முற்றி ஃபுமியே மலைச்சரிவில் இருந்த அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். பதினோராம் நாள் கன்ஜி இந்த வண்டியில் வந்தார். வாசலில் தடாலென்று ஒரு சத்தம். வெளியே வந்து பார்த்தால், வண்டியைத் திருப்பும்போது பின்பக்கத்தை ஆரஞ்சுத் தோட்டத்துக் கற்சுவரில் மோதிவிட்டு, மனிதர் இறங்கி நின்று ஒடுக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நிமிரவே இல்லை. ஃபுமியே செருப்பை மாட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். எந்தத் தகரத்தையும் ஒரு மணி நேரத்தில் தட்டி நேராக்கக்கூடிய அந்த ஆள் இதை மட்டும் சாகும்வரை தொடவில்லை. "மன்னிப்புன்னு அவர் எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதான்," என்றார் ஃபுமியே. உத்சுகி அவர் பொரித்துக் கொடுத்த இறாலை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

வரைந்தும் வைத்தார். மகோமே படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நசுங்கின வண்டிய வித்தா எவன்டா வாங்குவான்? நம்ம அச்சுதான் தேஞ்சுபோச்சும்பான். அழி அத." உத்சுகி ஒரு நாள் யோசித்தார். பத்தொன்பது வருடப் பழக்கம் ஒரு பக்கம், இரண்டு தட்டு இறால் ஒரு பக்கம். இறால்தான் செரித்துவிட்டதே. அழித்தார்.

அன்று மதியமே ஃபுமியே நிறுவனத்துக்கு வந்தார். கையில் ஒரு பலகாரப் பொட்டலம்கூட இல்லாமல் வந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வெறுங்கையோடு போவதற்கு மேல் ஒரு வசை கிடையாது. மகோமேவுக்கு விஷயம் புரிந்தது. அவரும் நான்கு குமாஸ்தாக்களும் வரிசையாக நின்று, இடுப்பை வளைத்து, முழுதாக நாற்பது நொடி தலைகுனிந்தார்கள். நிறுவனத்தில் இது வாரம் மூன்று முறை நடப்பதுதான். இதற்கென்றே வாசாபி ஊறுகாய்ப் பெட்டிகள் அலமாரியில் அடுக்கியிருக்கும். அதில் ஒன்றை இரு கையாலும் நீட்டினார் மகோமே.

"மனமார மன்னிப்புக் கேட்டுக்கிறோம், தெராவோ சான்."

"உங்க மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அது இங்க மலிஞ்சு கிடக்கு. அவரோடதக் குடுங்க."

நாற்பது நொடி குனிந்ததில் பிடித்த இடுப்போடு மகோமே உத்சுகியைப் பார்த்தார். உத்சுகி பென்சிலைச் சீவினார். வரைந்தால் வந்துவிடும் என்று நினைத்தார், வந்ததும் வந்தது. ஆனால் கொட்டகைக்குப் போய்ப் பார்த்த ஃபுமியே தொலைபேசியில் சொன்னார்: "இது அவரோடது இல்ல. எவனோ குடிகாரன் போட்டது." அழித்து மறுபடி வரைந்தார். "இது டாக்சிக்காரன் ஒடுக்கு." மூன்றாவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். அப்போதுதான் உத்சுகி தன் குறிப்பேட்டைப் புரட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக வெட்கப்பட்டார். முன்கண்ணாடித் துடைப்பானுக்கு முப்பத்தோரு அளவு எடுத்திருந்தவர், ஒடுக்குக்கு எடுத்திருந்தது மூன்று. எப்படியும் அழியப்போவதுதானே என்று அப்போதே உள்ளுக்குள் தீர்மானித்திருந்தார். சத்தியம் செய்த வாய் வேறு, அளந்த கை வேறு.

ஆக, ஒரு காரைப் பற்றிய ஆய்வு முடிந்து, ஓர் ஒடுக்கைப் பற்றிய ஆய்வு ஆரம்பித்தது. ஏழு மாதம் நடந்தது. உத்சுகி மலைச்சரிவுக்குப் போய்க் கற்சுவரைக் கல் கல்லாக அளந்தார். அதே ஆண்டின் டயர்களைத் தேடிப் பிடித்து அவற்றின் காற்றழுத்தத்தைக் கேட்டறிந்தார். கன்ஜியின் எடையை மீனவர் சங்க மருத்துவரிடம் வாங்கினார். எஃகு அச்சு வெட்டுகிறவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்து சீட்டாடினார்கள். மகோமே தினமும் காலையில் உத்சுகியின் மேசைக்கு எதிரே நின்று பெருமூச்சு விட்டார். பிறகு பெருமூச்சுக்கும் ஓர் அளவு உண்டென்று, மே மாதம் முடிவதற்குள் படம் வராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி எழுத்தில் கொடுத்தார்.

மே பத்தொன்பதாம் தேதி, சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லின் இடுக்குகளில் உத்சுகி ஹிபாரியின் பழைய பாலாடை நிற வண்ணத்தைக் கண்டுபிடித்தார். ஓரிடத்தில் அல்ல, மூன்று இடத்தில். ஒன்றுக்கொன்று இரண்டு விரற்கடை தள்ளி. திருப்பும்போது தெரியாமல் மோதுகிறவன் ஒரு தடவை மோதுவான். எதிர்த் தோட்டத்து ஷிபா என்ற கிழவரிடம் விசாரித்தார்.

"மூணு தடவ இடிச்சாரு. நான் மரத்து மேலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மொதத் தடவ இடிச்சிட்டு வீட்டுக் கதவப் பாத்தாரு. யாரும் வரல. முன்னால எடுத்து மறுபடி இடிச்சாரு. அப்பவும் வரல."

"நீங்க ஏன் இத யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

உத்சுகி அன்றே யுய்க்கு இறங்கிப் போய் ஃபுமியேவிடம் சொன்னார். இறாலைப் பரப்பிக்கொண்டிருந்த கை நின்றது.  பிறகு வந்ததே கோபம்.

"மூணு தடவையா? அடப் பாவி மனுஷா! அப்பா சுமோ கேட்டுக்கிட்டிருந்தாரு, ரேடியோவ ஊருக்கே வச்சிருப்பாரு. நான் பின்கட்டுல அரிசி களைஞ்சிட்டிருந்தேன். கதவத் தட்ட வேண்டியதுதானே! வாயிலதான் கொழுக்கட்டை, கையிலயுமா?" இதையெல்லாம் உத்சுகியைப் பார்த்துத்தான் கத்தினார், உத்சுகியும் தன்னைத்தான் திட்டுகிறார் என்பதுபோலத் தலைகுனிந்து நின்றார். கத்தி முடித்ததும் ஃபுமியே இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் முகத்தைப் புதைத்து, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதார்.

அன்று மாலை உத்சுகி ஒடுக்கை மூன்று அடுக்காக வரைந்தார்: தயக்கமாக ஒன்று, அதன்மேல் சற்று ஆழமாக ஒன்று, அதன்மேல் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஒன்று. யுய் கொட்டகையில் தகரம் மூன்று முறை முனகியது. ஃபுமியே ஒடுக்கின்மேல் உள்ளங்கையை வைத்தார். தொலைபேசியில் "இதான்" என்றார்.  உத்சுகி தன் ரப்பரை எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். அது கீழே நின்ற மகோமேவின் மேல் விழுந்தது என்பவர்களும் உண்டு.

மகோமே விடுகிற ஆளா? படத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், அச்சில் வெட்டாதீர்கள் என்று ஆட்களிடம் சொன்னார். அவர்களும் வழவழவென்று வெட்டினார்கள். அந்த அச்சிலிருந்து வந்த முதல் பிளாஸ்டிக்கில் ஒடுக்கு இருந்தது, நூறாவதிலும் இருந்தது. வாங்கியவர்கள் ஓட்டை அடைக்கிற மாவு வைத்து அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசினார்கள். காலையில் பார்த்தால் மாவு மேசையில் உதிர்ந்து கிடந்தது. பல் மருத்துவர்கள் மூன்று நாள் அடைத்துப் பார்த்துத் தோற்றார்கள். கடைசியில் நிறுவனம் செய்முறைத் தாளில், 'நெருப்பருகே வைக்காதீர்கள்' என்பதற்குக் கீழே, 'இடப்பக்க ஒடுக்கைச் சரிசெய்ய இயலாது' என்று ஒரு வரி சேர்த்தது. அதோடு புகார் நின்றது. அச்சடித்து வந்துவிட்டால் எங்கள் ஊரில் எதையும் ஒப்புக்கொள்வார்கள்.

விற்பனைதான் புரியவில்லை. மொத்த வியாபாரிகள் சொன்ன கணக்குப்படி, பெட்டியை வாங்கியவர்களில் பாதிப்பேர் வாழ்க்கையில் ஒரு மாதிரிப்பொம்மையும் ஒட்டாதவர்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் பணம் கொடுத்து, உறைகூடக் கேட்காமல் போனார்கள். அந்த டிசம்பரில் ஹிமேஜியிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நிறுவனத்தின் வரலாற்றில் பருவகால வணக்கம் இல்லாமல் வந்த முதல் அட்டை. எழுதியது ஒரு பெண். 'என் கணவர் உங்கள் காரைச் செய்து என் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுக் காலையிலிருந்து தோட்டத்தில் நிற்கிறார். தூறல் வேறு போடுகிறது. இது வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும்?'

உத்சுகியிடம் இதற்கு அளவு இல்லை. யுய்க்குத் தொலைபேசி போட்டு அட்டையைப் படித்துக் காட்டினார்.  ஃபுமியே சொன்னார்:

"மூணாவது சத்தம் வரைக்கும் காத்திருக்க வேணாம்னு எழுதுங்க. ரேடியோவ அணைச்சிட்டு, இப்பவே போய்க் கதவத் தெறக்கச் சொல்லுங்க."

அப்படியே எழுதி அனுப்பினார்கள். அதன் பிறகு அதே மாதிரி கேட்டு வந்த அட்டைகளுக்கெல்லாம் நிறுவனம் இந்தப் பதிலையே அச்சடித்து அனுப்பியது. நாலாயிரம் பிரதி போட்டார்கள். இரண்டாம் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது.