பாதி வெளிச்சம்

கடைக்காரன் நீட்டிய வளையத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சில கண்ணாடித் துண்டுகள் கோத்திருந்தன. ஒவ்வொன்றிலும் கார் ஜன்னலுக்கு ஒட்டும் கறுப்பு ஃபிலிம் ஒன்று. அது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்று ஓரத்தில் எண் போட்டிருந்தது. அவள் முதல் துண்டை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக்குழாய்களைக் கழுவிக் கழுவி, எந்தக் கண்ணாடியைக் கையில் வாங்கினாலும் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது அவளுக்குப் பழகிவிட்டது. முதல் துண்டு ஆறிப்போன டீத்தண்ணீர்போல இருந்தது. கடைசித் துண்டில் வானமே இல்லை.

"மாஸ்டர் இதுல எதைக் கேக்குறாருக்கா?" என்றான் கடைக்காரன்.

மாஸ்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குச் சலிப்பாக இருந்தது. தெரிந்த முகம் எதுவும் இருக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் தள்ளி ஒரு கடையைத் தேடிப்பிடித்திருந்தாள். வந்து நிறுத்தினால், இவனும் அவள் கணவரிடம் வண்டி பழகியவன். "ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா நான் கண்ண மூடிக்குவேன்க்கா. மாஸ்டர் குட்டின குட்டுல மண்டையே புடைச்சுப்போச்சு. இங்க தொட்டுப் பாருங்க, இன்னும் இருக்கும்" என்று தலையைக் குனிந்து காட்டினான். காருக்குள்ளிருந்த அவள் கணவர் திரும்பவில்லை. நேரே, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஓட்டுநர் பள்ளிக் கார். பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் வண்ணம் வெளிறாமல் இருந்ததால் வெயிலில் பார்த்தால் படிக்க முடிந்தது. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால், கால் வைக்கும் இடத்தில் இன்னொரு பிரேக் இருந்தது. அந்த இருக்கையில்தான் அவர் தன் பாதி ஆயுளைக் கழித்தார். காய்கறிக் கடைக்காரர், வங்கி மேனேஜர், பல் டாக்டர் என்று யாரைக் கேட்டாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பயத்தில் வியர்த்தவர்கள். அவளுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்து முடித்தபோது, "உனக்கு லைசென்ஸ் கெடச்சதுக்கு என்னோட பொறுமைதான் காரணம்" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். போன மழைக்காலத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்தது. கை, கால், பாதி வாய். அதன்பிறகு அவள் ஓட்ட, அவர் அதே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்.

இயன்முறை மருத்துவர் தந்த நேரம் மாலை ஐந்து மணி. முடிந்து திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பகலில் ஒன்றுமில்லை. விளக்கு வைத்த பிறகும் எப்படியோ சமாளித்துவிடுவாள். இரண்டுக்கும் நடுவில், சாம்பல் நிறமாக ஒரு பொழுது வருமே, அப்போது சாலையும் ஆளும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை யார் ஓட்டுவது?

சில வாரங்களுக்கு முன்பு அப்படியொரு பொழுதில்தான் கார் தானாக நின்றது. என்ன ஏது என்று புரிவதற்குள், முன்பக்கம் முட்டும் தூரத்தில் ஒரு சைக்கிள்காரர் திட்டிக்கொண்டிருந்தார். கணவரின் வலது கால் அவர் பக்கத்து பிரேக்கில் அழுந்தியிருந்தது. "நான் பாத்துட்டுதாங்க இருந்தேன், மிதிக்கறதுக்குள்ள நீங்க மிதிச்சிட்டீங்க" என்றாள். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஜன்னலுக்குக் குனிந்து உள்ளே பார்த்து, "ஐயையோ, நம்ம மாஸ்டரா இது?" என்றார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. கேட்டவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் கணவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள். அன்றோடு அவர் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டு, வருகிறேன்; இல்லாவிட்டால் ஆளை விடு என்றார். டாக்டரோ, இந்த மாதங்களை விட்டால் அந்தக் கை அப்படியே நின்றுவிடும் என்றார். இருக்கிறதிலேயே இருட்டானதை ஒட்டினால் அவளால் ஓட்ட முடியாது. ஒட்டாவிட்டால் அவர் வரமாட்டார். பள்ளியில் குடுவைகளைத் துடைக்கும்போதும், இரவு மாத்திரைகளைப் பிரிக்கும்போதும் அவள் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். யோசித்து யோசித்துத் தலை கனத்ததே தவிர வழி எதுவும் புலப்படவில்லை.

கடைக்காரன் இருட்டு ஃபிலிமில் ஒரு துண்டை வெட்டி, தண்ணீர் தெளித்து, கணவர் பக்கத்து ஜன்னலில் படிய வைத்தான். அவள் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து அதன் வழியே பார்த்தாள். உச்சிவெயில் அந்தியாக மாறியது. பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடி அங்கே இருக்கிறது என்று தெரிந்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. சுவரோரம் இருந்த வாளி காணாமல் போயிருந்தது.

"முன்னாடி இவ்ளோ கறுப்பு ஒட்டினா போலீஸ்காரங்க ஓரங்கட்டச் சொல்லுவாங்க மாஸ்டர்" என்றான் கடைக்காரன். "பின்னாடின்னா பரவால்ல. நீங்க பின்சீட்டுல உக்காந்துக்கிட்டீங்கன்னா…"

"எனக்கே… சட்டமா?" என்றார் கணவர். சொற்கள் ஈரமாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வந்தன. "பின்னாடி உக்கார… நான் என்ன சவாரியா?"

"பின்னாடி உக்கார மாட்டாராம்" என்றாள் அவள்.

"புரிஞ்சுதுக்கா" என்றான் கடைக்காரன் மெதுவாக.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் பேச்சை யார் காதிலும் விழவிடாமல் முந்திக்கொள்வது அவளுக்கே தெரியாமல் வந்துவிட்ட வழக்கம். வளையத்தை வாங்கி நடுவிலிருந்த துண்டைக் காட்டினாள். "இத வச்சுப் பாருங்களேன்."

"இது அம்பதுக்கா. பாதி வெளிச்சம் உள்ள வரும்" என்று சொல்லி, இருட்டு ஃபிலிமை உரித்துவிட்டு இதில் ஒரு துண்டை ஒட்டினான். கணவர் வலது கையை அசைத்து அவளை வெளியே போகச் சொன்னார். "பாத்துச் சொல்லு."

அவள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலுக்கு எதிரே நின்றாள். முதலில் கொட்டகைக் கூரையும் வானமும் தெரிந்தன; தலை கலைந்த ஒரு பெண்ணும் தெரிந்தாள். அந்தப் பெண் தான்தான் என்று உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அவள் முகத்தின் நிழல் விழுந்த இடத்தில் கண்ணாடி திறந்துகொண்டது. உள்ளே அவர் இருந்தார். தொங்கிய கன்னம், வாயோரத்துக் கைக்குட்டை, காலையில் அவள் மழிக்கும்போது தாடையில் விட்டுப்போன நாலைந்து முடிகள், எல்லாமே தெரிந்தன. பழைய போட்டோவைப் பார்ப்பதுபோல லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"தெரியல" என்றாள்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே தெரியலைங்க. யாரோ உக்காந்திருக்காங்கன்னு நிழல் மாதிரி இருக்கு."

கடைக்காரன் அவளைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த தெளிப்பு பாட்டிலைப் பார்த்தான். அதன் மூக்கைத் திருகித் திருகிச் சரிசெய்யத் தொடங்கினான்.

காரின் கதவு திறந்தது. முதலில் ஊன்றுகோல் வந்தது, பிறகு வலது கால். "நீ உக்காரு. நான் பாக்குறேன்." அவள் தோள்கொடுக்கப் போனாள். அவர் கோலாலேயே அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். கோலைப் பின்கதவில் சாய்த்துவிட்டு, காரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரி நிமிர்ந்து வெயிலில் நின்றார். பக்கத்துக் கொட்டகையில் டயர் மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையை இருக்கையிலேயே விட்டுவிட்டிருந்தார்.

அவள் அவருடைய இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இருக்கை அவர் உடம்புக்குத் தக்கபடி குழிந்திருந்தது. அவள் எதிரே ஸ்டீயரிங் இல்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அன்றைக்குக் காலையிலிருந்து, இல்லை, அதற்கும் எவ்வளவோ முன்பிருந்து, அவள் இப்படிச் சும்மா உட்காரவில்லை. அவருக்கு ஒரு முகம், பள்ளியில் ஒரு முகம், டாக்டருக்கு ஒரு முகம் என்று வைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தக் குழிக்குள் உட்கார்ந்ததும் தானாகக் கழன்றுபோனது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. எதற்கென்று தெரியாமல் கண் நிறைந்தது.

அவர் ஜன்னலுக்குக் குனிந்தார். வலது கையைப் புருவத்துக்கு மேல் குடைபோல வைத்து, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டினார். அவர் மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஆவி படர்ந்து விலகியது. உள்ளிருந்து பார்த்தால் ஃபிலிம் இருப்பதே தெரியவில்லை. அவர் கண்கள் அவள் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கி வந்தன. கண்ணில் நின்றன. அங்கிருந்து வழிந்து இறங்கியதைத் தாடைவரை தொடர்ந்து வந்தன.

அவள் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால், அவருக்குத் தெரிகிறது என்று அவளுக்குத் தெரியும் என்றாகிவிடும். ஒன்றுமே தெரியலைங்க என்று சொன்னவள் அவள்தான். ஆகவே யாரும் பார்க்காத ஒருத்தி எப்படி உட்கார்ந்திருப்பாளோ அப்படியே, அவர் கண்ணுக்கு நேரே, உட்கார்ந்திருந்தாள். துடைப்பதற்கோ, மழிப்பதற்கோ, மாத்திரை கொடுப்பதற்கோ அல்லாமல், அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அவர் நெற்றியை எடுத்தார்.

"தெரியல" என்றார் கடைக்காரனிடம். கண்ணாடி தடுத்ததில் குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்ததுபோல இருந்தது. "ஒண்ணும்… தெரியல. இதையே ஒட்டு."

"அப்ப சரி மாஸ்டர்."

"எவ்ளோ நேரம்… ஆகும்? அஞ்சு மணிக்கு… போகணும்."

"அஞ்சு மணிக்கு முன்னாடி முடிச்சுடலாம்."

கடைக்காரன் சோப்புத் தண்ணீரை ஜன்னலில் பீய்ச்சினான். கண்ணாடி முழுவதும் நுரை கோடு கோடாக வழிந்தது. வெளியே நின்றவரின் சட்டை நிறம் முதலில் நெளிந்தது, பிறகு உடைந்து துளித்துளியாகக் கீழே இறங்கியது. அவர் விலகிப் போகவில்லை. ஜன்னலுக்கு மேலே கூரை விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய நல்ல கையின்மேலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.