கல்லறைக்குப் போன வழி

நிஷாந்தினிக்குப் பிரசவ வலி கண்ட அன்றைக்கு, வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போக வழியில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அவளுடைய அம்மா கலாராணிக்குக் கிடைத்த ஏழு பேர்ச் அளவு சின்னக் காணியைச் சுற்றி அடுத்தவர் காணிகள். முன்காணிக்காரர் புவனேந்திரன் போன வாரம்தான் கம்பிவேலி அடித்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் கிடத்தி, நாலு பேர் தேயிலைச் சரிவில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. கலாராணிக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுவாரம் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பதுளைக்கு பஸ் ஏறினாள்.

சட்டத்தரணி றிப்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"வழியில்லாத காணிக்குப் பக்கத்துக் காணிக்காரர் வழி விடணும் அக்கா. இது ஒல்லாந்தர் சட்டம்."

"ஒல்லாந்தரா? அவங்க இந்த மலைப்பக்கம் ஆண்டதே இல்லைங்களே மிஸ்?"

"அவங்க கரையோரத்தோட சரி. சட்டம் மட்டும் பின்னால வந்த வெள்ளைக்காரங்களோட மலையேறி வந்திருச்சு. அவங்களுக்கு அது ரோமாபுரியில இருந்து கிடைச்சது. சொந்தக்காரங்க கல்லறைக்குப் போக வழியில்லாதவனுக்குப் பக்கத்துக்காரன் வழி விடணும்னு அங்க ஒரு ராசா சொன்னார். ஆயிரத்து எண்ணூறு வருசமாச்சு."

கலாராணி யோசித்தாள். செத்தவர்களுக்காகச் சொன்ன வார்த்தை தன் பேரனுக்காகவா இத்தனை தூரம் நடந்து வந்தது?

"எங்க தம்பி பிரான்ஸ்ல இருக்கான். அங்கயும் இப்படித்தானா?"

"அங்க சட்டத்தை நம்பர் போட்டு ஒரே கோவையா எழுதி வச்சிருக்காங்க. நீதிபதி அதுலதான் தொடங்குவார். இங்கிலாந்துல, முந்தின நீதிபதிங்க சொன்ன தீர்ப்பே சட்டமா நிக்கும். நம்மகிட்ட ரெண்டும் கலந்திருக்கு."

புவனேந்திரன் மேல் போட்ட வழக்கு இரண்டு வருசம் இழுத்தது. தீர்ப்பன்று நீதிபதி பழைய தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். புவனேந்திரனுக்கு அதிகம் நட்டம் வராதபடி, எல்லையோரமாக நாலடிப் பாதை.

அன்று சாயந்தரம் புவனேந்திரனே இரும்பு அலவாங்கோடு வந்து, வேலிக்கட்டையைப் பிடுங்க அசைத்தார். முகம் இறுகித்தான் இருந்தது.

"யார் போட்ட சட்டம் தங்கச்சி இது?"

கலாராணி சொன்னாள். கல்லறை, ராசா, ஒல்லாந்தர், வெள்ளைக்காரர், எல்லாவற்றையும் தனக்குப் புரிந்த மட்டில் சொன்னாள்.

புவனேந்திரன் அலவாங்கைக் கீழே ஊன்றினார்.

"ஆயிரத்து எண்ணூறு வருசமா?" என்றார். "மறுபடி ஒருக்கா சொல்லு, கேப்போம்."