திரும்பி வரும் ரொட்டி

அல்மாஸ் சிதம்பரம் மேலவீதிக் கடைக்குள் நுழைந்தபோது கல்லா முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

"மச்சான், பேக்கரிச் சங்கத்து சர்வே வந்துருக்கு. நம்மள மாதிரி கடைங்கள்ல நூறு ரொட்டி போட்டா ஆறுதான் வீணாப் போவுதாம். உங்க கடையில பதினஞ்சு. ஏன்னு கேக்க வந்தேன்."

ரஹ்மத்துல்லா அவளுடைய அக்கா சலீமாவின் கணவர். அத்தா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு கடலூர் அடுப்பும் அங்குள்ள கடையும் அல்மாஸ் கைக்கு வந்தன. அங்கே சுடுவதை வேனில் வாங்கி விற்கும் சிதம்பரம் கடை அவர் கைக்குப் போனது. பங்கு பிரித்த நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் ஆகாது.

"ரெண்டாம் நாளே பூசணம் பூக்குது. வாங்கினவன் கொண்டாந்து என் மூஞ்சில எறியறான். போயி உன் அடுப்பைப் பாரு" என்றார் அவர்.

"அதே ரொட்டிதான் கடலூர்லயும் விக்குது. அங்க ஒருத்தரும் எறியலயே?"

"நாலு பேரு எதிர்ல என்னை அசிங்கப்படுத்தணும்னே பஸ் ஏறி வந்தியா?"

"ஆமா" என்றாள் அல்மாஸ். கையிலிருந்த தாளைக் கல்லா மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாளே சிதம்பரம் வேனில் சரக்கைப் பாதியாகக் குறைத்தாள். சாயங்காலமே அங்கே ரொட்டி தீர்ந்துபோக, வீணாவது ஐந்துக்கு இறங்கியது. 'சராசரியை விடக் கம்மி' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சலீமா உடனே கூப்பிட்டாள்.

"ரெண்டு ஹாஸ்டல் ஆர்டர் போயிடுச்சுடி. டீக்கடைக்காரங்கல்லாம் வேற பேக்கரியில வாங்குறாங்க. சந்தோஷமா உனக்கு?"

"உன் வீட்டுக்காரருக்கு விக்கத் தெரியல. என்னை என்ன செய்யச் சொல்ற?"

அந்த வாரமே ரஹ்மத்துல்லா கடலூருக்கு வந்தார். சலாம்கூடச் சொல்லவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், அன்று காலை சுட்ட ரொட்டி ஒன்றைப் பிளந்து நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஈரமாவு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது வேவவே இல்ல. கடலூர்ல சூடு ஆறுறதுக்குள்ள வாங்கித் தின்னுடறாங்க, அதனால தெரியல. எனக்கு வந்து சேர்ந்து ஒரு ராத்திரி கிடந்தா பூத்துடுது. அடுப்புல இப்ப யாரு?"

"புது ஆளு."

"போன மாசம்?"

"அப்ப வேற ஆளு."

அவர் போனை எடுத்து நீட்டினார். "நீ ஒரு பக்கத்த மட்டும் கொண்டாந்த. நான் முழு சர்வேயையும் எறக்கிப் படிச்சேன். வருஷத்துக்கு நூறு வேலையாள்ல முப்பது பேர் வேலைய விட்டு நின்னுடறாங்களாம், அதான் சராசரி. உன்கிட்ட பத்துல எட்டு பேர் ஓடிட்டாங்க. இதையும் வாட்ஸ்அப்ல போடேன்!"

"வெளிய போங்க."

"அத்தா ஆள சேத்துக் கடைய வளத்தாரு. நீ ஆள விரட்டி அழிக்கிற."

"வெளிய போங்கன்னு சொன்னேன்."

அவர் போய்விட்டார். மாவு பிசைந்துகொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. அந்த வேலையாள் கணக்குப் பக்கத்தை அல்மாஸும் படித்திருந்தாள். வேண்டாம் என்றுதான் பிரிண்ட் எடுக்காமல் விட்டாள்.

இரண்டு நாள் பொறுத்து நெல்லிக்குப்பத்துக்குப் போனாள். அத்தா காலத்திலிருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்ட அய்யனார் அங்கேதான் ஒரு பேக்கரியில் சேர்ந்திருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று பேசினார்.

"ஆளு போறதுல சர்வே சொல்ற சராசரிய விட நாம ரொம்ப மேல. திரும்ப வாங்க. சம்பளம் ஏத்தித் தர்றேன்."

"என் பையை எல்லார் எதிர்லயும் தலைகீழா கொட்டிப் பாத்தியே, அது அந்த சர்வேயில வருதா?"

"அன்னிக்கு வெண்ணெய் காணாமப் போச்சு..."

"என் பையில இருந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? கெளம்பும்மா, எனக்கு வேல கெடக்குது."

அவர் வரவேயில்லை. கடலூருக்குத் திரும்பியதும் அல்மாஸ் பாக்கிங் செய்யும் பொன்னியைக் கூப்பிட்டு, ஆட்கள் ஏன் வேலையை விட்டு நிற்கிறார்கள் என்று கேட்டாள்.

"திட்ட மாட்டீங்களே?"

"திட்டுவேன். சொல்லு."

"பையைத் தொறந்து காட்டிட்டுத்தான் தெனம் வீட்டுக்குப் போகணும்னா யாருதான் இருப்பாங்க? விடியறதுக்கு முன்ன வந்த ஆள பொழுது சாயற வரைக்கும் அடுப்புல நிறுத்துறீங்க. கண்ணு சொக்கினா எப்ப வெந்துச்சு, எப்ப எடுக்கணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அல்மாஸ் திட்டினாள். ஆனால் பையைச் சோதிப்பதை அன்றோடு நிறுத்தினாள். அடுப்பு வேலையை இரண்டு ஷிஃப்டாகப் பிரித்தாள். பண்ருட்டியிலிருந்து ஞானசேகரன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். அவளுடைய வாய்க்குப் பயந்து இரண்டு முறை கிளம்பப் பார்த்தார். இரண்டு முறையும் பொன்னி பேசித் தடுத்தாள். தீபாவளி வரைக்கும் யாரும் வேலையை விடவில்லை. மூன்றாம் நாளும் ரொட்டி பூக்காமல் இருந்தது. வேனில் பழையபடி முழுச் சரக்கும் போனது. வீணாவது ஏழில் வந்து நின்றது.

ரஹ்மத்துல்லா ஒரு வார்த்தை பேசவில்லை. பெருநாளுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோதும், அவள் உட்கார்ந்த அறையிலிருந்து எழுந்து போனார். கடை விஷயமெல்லாம் சலீமா வழியாகத்தான்.

"அல்மாஸ், சனிக்கிழமைக்கு ஐம்பது பன் ஜாஸ்தி வேணுமாம். ஒரு ஹாஸ்டல் ஆர்டர் திரும்ப வந்துருக்கு" என்றாள் சலீமா போனில்.

"அவரையே கேக்கச் சொல்லு."

பின்னால் முணுமுணுப்புக் கேட்டது.

"செத்தாலும் உன்கிட்ட பேச மாட்டாராம்."

"நானும்தான்" என்றாள் அல்மாஸ். "வேன் அஞ்சு மணிக்குக் கெளம்பும். சரக்கு எறக்க ஆள நிக்கச் சொல்லு."